மூளையின் பக்கச் சாய்வும் மரபும் இடஞ்சார் திறனும்: வீட்டில் எதைக் கணிக்கலாம், எப்படிக் கணிக்கலாம்

ஒரு குழந்தை எந்தக் கையைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறது, பேச்சும் மொழியும் அதன் மூளையின் எந்தப் பாதியில் முதன்மையாக நடக்கின்றன, வடிவம், திசை, தொலைவு ஆகியவற்றை மனத்துக்குள் கையாளும் திறன், அதாவது இடஞ்சார் திறன், அதற்கு எவ்வளவு இருக்கிறது என்பன மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையிலிருந்து மற்றொன்றை ஊகித்து, "இடது கைப் பழக்கம் உள்ளவன், ஆகவே வலது மூளைக்காரன், ஆகவே படம் வரைவதில் கெட்டிக்காரன், கணக்கில் மட்டம்" என்று சங்கிலியாகக் கோத்துச் சொல்வது பெற்றோர் கூட்டங்களிலும் உறவினர் பேச்சிலும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சை நம்பிப் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களும் உள்ளன. அந்தச் சங்கிலியின் கண்ணிகளைத் தனித்தனியே பிரித்து, எதை வீட்டிலேயே அளக்கலாம், எதை மருத்துவமனையில் மட்டுமே அறிய முடியும், எதில் மரபின் பங்கு எவ்வளவு என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் தாமே கணித்துக்கொள்ள இந்த வழிகாட்டி உதவும்.

முதலில், மூளையின் ஒரு பாதி மற்றதைவிட முதன்மையானது என்பதைக் குறிக்கும் "ஆதிக்கம்" என்ற சொல்லின் வரம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1861இல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். அதுபோன்ற நோயாளிகள் பலரைப் பார்த்த பிறகு, 1865இல், மொழிக்கு இடது அரைக்கோளமே, அதாவது மூளையின் இடது பாதியே, முதன்மையானது என்று எழுதினார். ஆதிக்கம் என்ற கருத்து பிறந்தது மொழிக்காக மட்டுமே. ஒரு மனிதரின் முழு மூளைக்கும் ஒரு தலைவன் உண்டு என்ற பொருளில் அது பிறக்கவில்லை.

வலது அரைக்கோளத்துக்கு உரிய இடம் அதற்கு நூறாண்டுகள் கழித்தே தெளிவானது. 1962இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கட்டுக்கடங்காத வலிப்பு நோயால் அவதியுற்ற முன்னாள் போர்வீரர் ஒருவருக்கு, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டும் அறுவை செய்யப்பட்டது. ஆய்வுலகில் அவர் டபிள்யூ. ஜே. என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்படுகிறார். ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கசானிகாவும் அவரிடம் வண்ணக் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் உள்ள கோலத்தைப் போல அடுக்கச் சொன்னபோது, வலது மூளை இயக்கும் இடது கை அதை எளிதில் செய்தது. அவர் வலது கைப் பழக்கம் உள்ளவராக இருந்தும், அவருடைய வலது கை தடுமாறியது; தடுமாறும் கைக்கு உதவ இடது கை தானாகவே குறுக்கே வந்தது. இத்தகைய ஆய்வுகளுக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆய்வுகளைப் படித்த பலர், வெட்டப்பட்ட மூளையில் கண்டதை வெட்டப்படாத மூளைக்கு அப்படியே பொருத்தி, மனிதர்களையே இடது மூளையினர், வலது மூளையினர் என்று இரு சாதியாகப் பிரித்துவிட்டனர். 2013இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து, சில பணிகள் இடப்பக்கமும் சில பணிகள் வலப்பக்கமும் சாய்ந்திருப்பது உண்மை என்றும், ஆனால் ஒருவரின் மூளை முழுவதுமே ஒரு பக்கம் வலுத்திருப்பதற்கான சான்று இல்லை என்றும் காட்டினர். ஆகவே "நீ எந்த மூளைக்காரன்" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எந்தப் பணி, எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு" என்று கேட்கப் பழகுவதே முதல் படி.

கைப் பழக்கத்தை அளப்பது

வீட்டில் நம்பகமாக அளக்கக்கூடிய ஒரே பக்கச் சாய்வு கைப் பழக்கம்தான். 1971இல் உளவியலாளர் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல் இதற்கு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பத்துச் செயல்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு செயலுக்கும் விரும்பும் கையின் பக்கத்தில் ஒரு குறி இட வேண்டும். மறு கையால் அதைச் செய்யவே மனம் வராது என்றால் இரண்டு குறிகள். எந்தக் கையானாலும் சரி என்றால் இரு பக்கமும் ஒவ்வொரு குறி. வலப்பக்கக் குறிகளிலிருந்து இடப்பக்கக் குறிகளைக் கழித்து, மொத்தக் குறிகளால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் பக்கச் சாய்வு எண் கிடைக்கும். வலப்பக்கம் 14 குறிகளும் இடப்பக்கம் 4 குறிகளும் இருந்தால், 10ஐ 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, ஏறத்தாழ 56 வரும். கூட்டல் 100 முழு வலது. கழித்தல் 100 முழு இடது. கைப் பழக்கம் இரு பெட்டிகளில் அடங்குவதன்று, ஒரு நீண்ட கோட்டின் மீது எங்கோ அமைவது என்பதை இந்த எண் நன்றாகப் புலப்படுத்தும்.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம் வீடுகளில் பயன்படுத்தினால் விடை பிழைபடும். சாப்பிடுவது, பணம் கொடுப்பது வாங்குவது, திருநீறோ குங்குமமோ இடுவது ஆகியவை நம்மிடையே வலது கைக்கு என்று ஒதுக்கப்பட்டவை. இயல்பில் இடது கையை நாடும் குழந்தையும் இவற்றை வலது கையால் செய்யக் கற்பிக்கப்பட்டிருக்கும். எழுதுவதும் சில குடும்பங்களில் மாற்றப்பட்டிருக்கும். மூலப் பட்டியலில் துடைப்பத்தை இரு கைகளால் பிடிக்கும்போது எந்தக் கை மேலே என்று கேட்கப்படுகிறது. நம் ஈர்க்குத் துடைப்பத்தை ஒரு கையால்தான் பிடிக்கிறோம். ஆகவே யாரும் திருத்த முயலாத செயல்களைத் தேர்ந்தெடுங்கள்: பந்து எறிதல், கேரம் காய் அடித்தல், கத்தரிக்கோல் பிடித்தல், ஊசியில் நூல் கோத்தல், சுத்தியல் அடித்தல், தீக்குச்சி உரசல், பல் துலக்கல், சீட்டுப் பங்கிடல், பாட்டில் மூடி திறத்தல், கூட்டிப் பெருக்கல். குழந்தையிடம் கேட்டு எழுதுவதைவிடப் பொருளை அதன் எதிரே நடுவில் வைத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது மேல். வலப்பக்கம் வைத்தால் வலது கையே நீளும். அதை விருப்பமாகக் கொள்ளக் கூடாது.

விருப்பத்தோடு திறமையையும் அளக்கலாம். இருபது புளியங்கொட்டைகளை ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லி, இரு கைகளுக்கும் மாறி மாறி நேரம் குறியுங்கள். ஒவ்வொரு கைக்கும் சில முறை எடுத்துச் சராசரி பாருங்கள். உளவியலாளர் மரியன் ஆனெட், மரக்குச்சிகளைத் துளைகளில் செருகும் இதுபோன்ற ஒரு பணியைக் கொண்டே தம் கோட்பாட்டைக் கட்டினார். எழுதும் கை மாற்றப்பட்ட பெரியவர்களிடம் இந்தச் சோதனை பல நேரங்களில் பழைய சாய்வை வெளிக்காட்டும். பொதுவாக நான்கைந்து வயதுக்குள் கை விருப்பம் நிலைபெற்றுவிடுகிறது; அதற்கு முன் எடுக்கும் எண்ணுக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். மாறாக, ஒரு வயது நிரம்பும் முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றொன்றை ஒதுக்கினால் அதைக் கைப் பழக்கம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஒதுக்கப்படும் பக்கத்தில் தசைக்கோ நரம்புக்கோ குறை இருக்கக்கூடும் என்பதால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கையிலிருந்து மொழியின் பக்கத்தை ஊகிப்பது

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். உடலின் இடப்பக்கத்தை வலது மூளை இயக்குகிறது என்பது உண்மையானதால், இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு எல்லாமே வலது மூளையில் நடக்கிறது என்று கருதிவிடுகிறோம். 2000இல் ஜெர்மனியில் நெக்ட் என்பவரும் உடனாய்வாளர்களும் 326 பேரின் மூளை இரத்த ஓட்டத்தை, ஒலியலைகளைக் கொண்டு அளக்கும் டாப்ளர் முறையில் அளந்தனர். மொழி வலது அரைக்கோளத்தில் அமைந்திருந்தவர்கள் உறுதியான வலது கைப் பழக்கத்தாரில் 4 விழுக்காடு, இரு கைகளையும் பயன்படுத்துவோரில் 15 விழுக்காடு, உறுதியான இடது கைப் பழக்கத்தாரில் 27 விழுக்காடு. கோட்டின் இடது முனையில் இருப்பவர்களிடம்கூட நான்கில் மூவருக்கு ஏறத்தாழ மொழி இடது மூளையில்தான் இருக்கிறது. உங்கள் குழந்தையின் பக்கச் சாய்வு எண்ணைக் கொண்டு நீங்கள் கூறக்கூடியது இவ்வளவுதான்: எண் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், மொழி வலது மூளையில் இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடியிருக்கிறது, ஆனாலும் இடது மூளையே மிகுதியும் சாத்தியம்.

உறுதியாக அறிய வேண்டுமானால், வேலை செய்யும் மூளையைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. படமோ டாப்ளரோ வேண்டும். ஜூன் வாடா 1949இல் வகுத்த சோதனையில் ஒரு பக்கக் கழுத்துத் தமனி வழியாக மயக்க மருந்தைச் செலுத்தி, அந்த அரைக்கோளத்தைச் சில நிமிடங்கள் உறங்கவைத்து, பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வலிப்பு அறுவைக்கு முன் எந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்று அறிவதற்காகவே இவை செய்யப்படுகின்றன. நலமான ஒரு குழந்தைக்கு இவற்றின் தேவை எதுவும் இல்லை. விடை தெரிந்தாலும் அதன் படிப்பில் நீங்கள் மாற்றக்கூடியது ஒன்றுமில்லை.

விரல் ரேகையை வருடி எடுத்து, இடது மூளை இத்தனை விழுக்காடு, வலது மூளை இத்தனை விழுக்காடு என்று வண்ண அறிக்கை தரும் சோதனைகள் பள்ளிகள் வழியாகவே விற்கப்படுகின்றன. அவற்றுக்கு அறிவியல் சான்று இல்லை என்று இந்திய உளநல மருத்துவர் சங்கம் கருத்து வெளியிட்டிருக்கிறது. ரேகை கருவில் உருவாவது உண்மை. அதிலிருந்து மொழியின் பக்கமோ இடஞ்சார் திறனோ தெரியும் என்பது உண்மையன்று. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கட்டைத் தொகுதி வாங்கலாம்.

இடஞ்சார் பணிகளின் பக்கம்

வலது மூளையின் பின்பக்கச் சுவர்மடல் பக்கவாதத்தால் பழுதுபட்டவர்களில் பலர் இடப்பக்க உலகையே கவனிக்காமல் போகிறார்கள். தட்டின் வலது பாதியில் உள்ள சோற்றை மட்டும் உண்கிறார்கள்; கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதுகிறார்கள். இடது மூளை பழுதானவர்களிடம் இதன் மறுதலை இவ்வளவு கடுமையாகவும் நீடித்தும் காணப்படுவது குறைவு. இடத்தின் மீதான கவனம் வலது அரைக்கோளத்தைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மருத்துவத்தில் இல்லை என்றே கருதுகிறேன்.

நலமானவர்களிடமும் இதன் மெல்லிய சாயலைக் காணலாம். 20 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றை ஒரு தாளுக்கு ஒன்றாகப் பத்துத் தாள்களில் வரைந்து, தாளைக் குழந்தையின் உடலுக்கு நேர் எதிரே வைத்து, அளவுகோல் இல்லாமல் கண்ணால் பார்த்து நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு உண்மையான நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று அளந்து சராசரி எடுங்கள். கூட்டமாகப் பார்த்தால் மக்கள் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாகவே குறிக்கிறார்கள். வலது மூளை இடப்பக்கத்துக்குக் கூடுதல் கவனம் தருவதன் விளைவாக இது கொள்ளப்படுகிறது. வாசிக்கும் திசையும் குறிக்கும் கையும் இந்த அளவை மாற்றும் என்பதால், இரு கைகளாலும் செய்து பார்க்க வேண்டும். ஒரு தனிமனிதரின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வகுப்பறையில் முப்பது மாணவர்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால் பொருளுள்ள பாடமாக அமையும்.

மொழி ஒரு பக்கம் சென்றால் இடஞ்சார் பணி மறுபக்கம் சென்றே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை. இரண்டும் ஒரே அரைக்கோளத்தில் அமைந்த நலமான மனிதர்கள் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறார்கள். மேலும், இடஞ்சார் திறன் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதில் பல வேலைகள் அடங்கும். உருவத்தை மனத்துக்குள் சுழற்றும்போது இரு பக்கச் சுவர்மடல்களும் வேலை செய்கின்றன. வழி நினைவு ஹிப்போகாம்பஸ் என்ற உட்பகுதியைச் சார்ந்தது. அங்கும் அதன் அண்டையிலும் இடத்தைக் குறிக்கும் உயிரணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மரபின் பங்கைப் படிப்பது

ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து, தாத்தா பாட்டி வரை ஒவ்வொருவரின் கைப் பழக்கத்தையும் குறியுங்கள். மூத்தவர்களிடம் "எந்தக் கையால் எழுதுவீர்கள்" என்று கேட்காமல், சிறுவயதில் யாரேனும் கையை மாற்றச் சொன்னார்களா என்றும், கல் எறியும் கை எது என்றும் கேளுங்கள். மரத்தைப் பார்த்தவுடன் ஒரே மரபணு தலைமுறை தாண்டி இறங்கிவருவதாகத் தோன்றும். ஆனெட்டும் கிறிஸ் மக்மானஸும் முன்பு வகுத்த கோட்பாடுகளும் ஒற்றை மரபணுவையே நம்பின. பல குடும்ப ஆய்வுகளைத் தொகுத்து 1992இல் மக்மானஸும் பிரைடனும் தந்த கணக்கு இது: பெற்றோர் இருவரும் வலது கையினர் என்றால் பிள்ளைகளில் 9.5 விழுக்காடும், ஒருவர் இடது கையினர் என்றால் 19.5 விழுக்காடும், இருவரும் இடது கையினர் என்றால் 26.1 விழுக்காடும் இடது கைப் பழக்கம் உடையவர்கள். இருவரும் இடது கையினராக இருந்தும் பிள்ளைகளில் நான்கில் மூவர் வலது கையினராகவே இருப்பதைக் கவனியுங்கள். உலக மக்களில் இடது கையினர் ஏறத்தாழ 10 விழுக்காடு. இடது கையினர் பெரும்பாலோர் வலது கைப் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். உங்கள் குடும்ப மரத்தில் வேறு யாருமே இல்லாமல் ஒரு குழந்தை மட்டும் இடது கையை நாடினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரட்டையர் ஆய்வுகளின்படி, கைப் பழக்கத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் கால் பங்கு அளவே மரபால் வருவது. மரபணுக்கள் முழுதும் ஒத்த இரட்டையரிலும் ஏறத்தாழ ஐந்து இணைகளில் ஒன்றில் ஒருவர் வலது, மற்றவர் இடது. 2019இல் பிரிட்டனின் உயிரிவங்கித் தரவிலிருந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரை ஆராய்ந்து, கைப் பழக்கத்தோடு தொடர்புடைய நான்கு மரபிடங்கள், அதாவது மரபுப் பொருளில் குறிப்பிட்ட இடங்கள், கண்டறியப்பட்டன. 2021இல் 17 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு, இடது கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 மரபிடங்களையும், இரு கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 7 மரபிடங்களையும் பட்டியலிட்டது. இவ்விரு பழக்கங்களுக்கும் இடையிலான மரபுத் தொடர்பு குறைவாக இருந்தது என்பது அந்த ஆய்வின் மிகச் சுவையான முடிவு. இரு கைப் பழக்கத்தை "பாதி இடது" என்று கொள்வது தவறாக இருக்கலாம் என்று அது உணர்த்துகிறது. இந்த மரபிடங்களில் பல, உயிரணுவின் எலும்புக்கூடு போல விளங்கும் நுண்குழல்களைக் கட்டும் மரபணுக்களின் அருகில் அமைந்துள்ளன. 2024இல் வெளியான ஆய்வொன்று, நுண்குழல் புரதம் ஒன்றைக் குறிக்கும் டி.யு.பி.பி.4.பி. என்ற மரபணுவின் மிக அரிய மாற்றங்கள் இடது கையினரிடம் 2.7 மடங்கு அதிகமாக இருப்பதைக் காட்டியது. கரு வளரும்போது மூளையின் இரு பக்கங்களும் எவ்வாறு வேறுபடத் தொடங்குகின்றன என்பதற்கு இங்கிருந்து வழி திறக்கும் என்று ஆய்வாளர்கள் நம்புகின்றனர்.

அந்தச் சாய்வு எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். கருவிலேயே வலது கட்டைவிரல் சூப்பிய 60 குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மீண்டும் பார்த்தபோது அறுபது பேருமே வலது கையினராக இருந்தனர். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கையினராகவும் 5 பேர் வலது கையினராகவும் இருந்தனர். பிறப்புக்கு முன்பே இருப்பது எல்லாம் பரம்பரையாக வந்தது என்று பொருளாகாது. கருவளர்ச்சியில் நேரும் தற்செயல்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதுபோல, இதயமும் கல்லீரலும் இடம் மாறிப் பிறந்தவர்களிடம் இடது கையினர் அதிகமாக இல்லை. உடலின் பக்கங்களைத் தீர்மானிக்கும் ஏற்பாடு வேறு, கையின் பக்கத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாடு வேறு.

இடஞ்சார் திறனின் கணக்கு இதிலிருந்து மாறுபட்டது. பிரிட்டனில் 1,367 இரட்டையர் இணைகளுக்குப் பத்து வகைச் சோதனைகள் வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அத்தனை சோதனைகளுக்கும் பொதுவான இடஞ்சார் காரணியின் மரபுவழிப் பங்கு 69 விழுக்காடு என்று கண்டனர். கைப் பழக்கத்துக்குக் கால் பங்கு, இடஞ்சார் திறனுக்கு மூன்றில் இரு பங்குக்கும் சற்று மேல். இந்த எண்ணைப் படிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். உங்கள் மகளின் திறனில் 69 விழுக்காடு உங்களிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த மக்கள்திரளில், அவர்கள் வாழ்ந்த சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே பொருள். சூழல் மாறினால் எண்ணும் மாறும். பயிற்சியால் எல்லோரும் உயர்ந்தாலும் எண் அப்படியே நிற்கக்கூடும்.

ஒற்றை மரபுக் காரணம் இடஞ்சார் திறனைத் தெளிவாகத் தாக்கும் நிலைகளும் உண்டு. ஏழாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பதால் வரும் வில்லியம்ஸ் நோய்க்கூட்டில், குழந்தை ஓரளவு நன்றாகப் பேசும். ஆனால் கட்டைகளை மாதிரிபோல் அடுக்கவோ உருவத்தைப் பார்த்து வரையவோ பெரிதும் திணறும். ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் டர்னர் நோய்க்கூட்டுப் பெண்களிடமும் மொழி இயல்பாக இருக்க, இடஞ்சார் பணிகளில் குறை காணப்படுவதுண்டு. இவை மருத்துவச் சோதனையால் உறுதி செய்யப்படும் நிலைகள். வரைபடம் படிக்கத் திணறும் குழந்தைக்கெல்லாம் இவற்றைப் பொருத்திப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் இடது கையினருக்கு இடஞ்சார் திறன் அதிகமா? 1980களில் நார்மன் கெஷ்விண்ட்டும் ஆல்பர்ட் கலாபுர்டாவும், கருவில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் இடது மூளையின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தி வலது மூளைத் திறன்களை வலுப்படுத்துகிறது என்று முன்வைத்த கருத்து பெரும் புகழ் பெற்றது. பின்வந்த சான்றுகள் அதற்குப் போதிய ஆதரவு தரவில்லை. 2015இல் வெளியான தொகுப்பாய்வு, இடஞ்சார் பணிகளில் வலது கையினருக்கே மிகச் சிறிய முன்னிலை இருப்பதாகக் கண்டது. அதன் அளவு திட்ட விலகலில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவில்) 0.14. சராசரி வலது கையினர் ஒருவர் இடது கையினரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரை விஞ்சுவார் என்பதே அதன் பொருள். வேறுபாடே இல்லையென்றால் அது 50 ஆக இருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டு ஒரு தனிக் குழந்தையைப் பற்றி எதையும் சொல்ல இயலாது. கட்டடக்கலைக்கோ பொறியியலுக்கோ போகலாமா என்ற முடிவில் கையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

திறனை நேரடியாக அளந்து வளர்ப்பது

மறைமுக அடையாளங்கள் எதுவும் உதவாதபோது, திறனையே அளப்பதுதான் நேர்வழி. 1971இல் உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் கனசதுரங்களால் ஆன இரு உருவங்களைக் காட்டி, ஒன்றைச் சுழற்றினால் மற்றொன்றாகுமா என்று கேட்டபோது, சுழற்ற வேண்டிய கோணம் கூடக் கூட, விடை சொல்லும் நேரமும் அதே வீதத்தில் கூடியது. மனம் உண்மையாகவே உருவத்தைச் சுழற்றிப் பார்ப்பதுபோல் இருந்தது. இதை எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் எழுத்து அட்டைகளால் செய்யலாம். "கு" என்ற எழுத்தைச் சில அட்டைகளில் நேராகவும் சிலவற்றில் கண்ணாடிப் பிம்பமாகவும் எழுதி, 0, 60, 120, 180 பாகை சாய்த்துக் காட்டி, சரியான எழுத்தா பிம்பமா என்று கேளுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்காதபடி கவனியுங்கள்.

இரண்டாவதாக, சதுரத் தாளை இருமுறை மடித்து ஓர் ஓட்டை போட்டு, விரித்தால் எத்தனை ஓட்டைகள், எங்கெங்கே என்று விரிக்கும் முன் வரையச் சொல்லுங்கள். மூன்றாவது, வெட்டுமுகம்: கேரட்டைச் சாய்வாக வெட்டினால், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் தெரியும் என்று வெட்டும் முன் வரையச் சொல்வது. நான்காவது, மூடிய அறையில் அமர்ந்து பள்ளியும் பேருந்து நிலையமும் கோயிலும் எந்தத் திசையில் உள்ளன என்று கையை நீட்டச் சொல்லி, கைபேசியின் திசைகாட்டியால் பிழையைப் பாகையில் குறிப்பது. இந்த நான்கிலும் ஒரே குழந்தை ஒரே அளவில் இருப்பதில்லை. மடிப்பில் சிறந்தவர் திசையில் தவறலாம். எங்கே குறை என்று தெரிந்தால்தான் எதைப் பயிற்றுவது என்று தெரியும்.

சரியான விடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். மனச்சுழற்சிச் சோதனைகளில் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிடக் கூடுதலாக வருவது பல முறை காணப்பட்டுள்ளது; நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அந்த இடைவெளி குறைகிறது என்பதும் காணப்பட்டுள்ளது. விரைவைத் திறனென்று எண்ணிப் பெண் குழந்தைகளை மதிப்பிடுவது அநீதி. முதலில் நேரம் பாராமல் செய்யச் சொல்லுங்கள்.

பயிற்சி பலன் தரும் என்பதில் ஐயம் இல்லை. 2013இல் அட்டலும் உடனாய்வாளர்களும் 217 ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சியின் சராசரி விளைவு 0.47 திட்ட விலகல் என்றும், அது நீடிக்கிறது என்றும், பயிற்சி தராத வேறு இடஞ்சார் பணிகளுக்கும் பரவுகிறது என்றும் கண்டனர். நூறு பேர் வரிசையில் நடுவில் நின்றவர் ஏறத்தாழ 68ஆம் நிலைக்கு உயர்வதற்குச் சமம் இது. கைப் பழக்கம் தரும் 0.14ஐ இதன் அருகில் வைத்துப் பாருங்கள். லண்டன் வாடகைக்கார் ஓட்டுநர் உரிமத்துக்காக ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிய 79 பேரை எலினார் மக்வயரின் குழு தொடர்ந்து கவனித்தது. தேர்ச்சி பெற்ற 39 பேரின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகியிருந்தது. தொடக்கத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் வேறுபாடு இருக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993இல் தொடங்கிய பாடம், மனச்சுழற்சித் தேர்வில் பின்தங்கிய முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கையால் முப்பரிமாண உருவங்களை வரையக் கற்பித்தது. அவர்கள் தேர்வில் மட்டுமின்றிப் பின்வந்த பாடங்களிலும் முன்னேறினர்.

வீட்டில் இதைச் செய்ய விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கட்டைகளை அடுக்கி, அதை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைய வையுங்கள். சிக்குக் கோலத்தைப் பார்த்துப் போடுவதோடு நில்லாமல், பாதியை மறைத்து மறுபாதியை ஊகித்து முடிக்கச் சொல்லுங்கள். தையல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், தட்டையான துணித் துண்டுகள் எப்படிச் சட்டைக் கையாகவும் கழுத்தாகவும் கூடுகின்றன என்பதைக் குழந்தையின் கையால் செய்துபார்க்க விடுங்கள். பேசும்போது "அங்கே இருக்கு" என்று சொல்வதைத் தவிர்த்து, "அலமாரிக்குக் கிழக்கே, இரண்டாம் தட்டில், டப்பாவுக்குப் பின்னால்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முதலில் ஊகம், பிறகு சரிபார்ப்பு என்ற வரிசை மாறக் கூடாது. ஊகிக்காமல் விடையைப் பார்த்தால் மனம் சுழற்றிப் பார்ப்பதில்லை.

இடது கையை நாடும் குழந்தையின் கையை மாற்றாதீர்கள். மாற்றுவதால் இடஞ்சார் திறனில் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை. தாளின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வைத்தால், மணிக்கட்டை வளைக்காமலே எழுத்தைப் பார்த்து எழுத முடியும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் முழங்கை இடிக்காது. கத்தரிக்கோல் இடது கைக்கென்று வார்த்ததாக இருக்க வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டும் கோடு குழந்தைக்குத் தெரியாது. முடிச்சோ மடிப்போ கற்பிக்கும் வலது கையினர் பக்கத்தில் அமராமல் எதிரே அமர்ந்தால், குழந்தை கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்துவிடும்.

மறுசோதனையைச் சில மாதங்கள் கழித்து வையுங்கள். அதே அட்டைகளையும் அதே மடிப்புகளையும் காட்டாமல் புதியவற்றைக் காட்டுங்கள், ஏனெனில் பழகிய உருவம் நினைவால் வரும். முடிவுகளை எழுதும் ஏட்டில் கைச் சாய்வு எண்ணுக்கு ஒரு பக்கம், குடும்ப மரத்துக்கு ஒரு பக்கம், நான்கு திறன் சோதனைகளுக்கு நான்கு பக்கங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியரிடம் பேசப் போகும்போது அந்த நான்கு பக்கங்களை மட்டும் எடுத்துச் செல்வது போதும்.